பன்னெண்டு பாயிண்ட் எட்டு

திங்கட்கிழமை காலையில் பல் துலக்கி முடித்ததும் ஊசிக்காரர் மனைவியின் கையைப் பிடிப்பார். ஆசையில் பிடிக்கிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுப்பதற்காகப் பிடிப்பார். அவள் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து இடது கையை அவரிடம் நீட்டிவிட்டு, வலது கையால் பால் பொங்காமல் கிண்டிக்கொண்டிருப்பாள். ஏழு வருஷமாக ஒரு திங்கள் தவறியதில்லை.

அவர் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையம் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி ஒருவர், ஊசிக்காரர் ஒருவர், ரத்தம் எண்ணும் மெஷின் ஒன்று. அந்த மெஷினும் கடைத் தராசும் ஒரே ஜாதி. அவ்வப்போது சரியான எடைக்கல்லை வைத்துப் பார்க்காவிட்டால் தன் இஷ்டத்துக்குப் பேச ஆரம்பித்துவிடும். மெஷினுக்கு எடைக்கல் என்பது ஒரு சின்னக் குப்பி ரத்தம். கம்பெனிக்காரன் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவான். அதன் அளவு குப்பியிலேயே எழுதியிருக்கும். ஒரு மாதத்தில் கெட்டுப்போகும்.

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. "ஊர் பூரா ரத்தம் ஓடிக்கிட்டிருக்கு. நாம குப்பியில வாங்கணுமாய்யா? நல்ல உடம்புக்காரங்க யாராவது ஒருத்தரைப் புடி. ஒரே ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணி நம்பர் வாங்கிடுவோம். அப்புறம் வாராவாரம் அந்த ஆளு ரத்தத்தை ஓட்டு. அந்த நம்பர் வந்தா மெஷின் சரி. வரலைன்னா, வர்ற மாதிரி திருப்பி வை. அவ்வளவுதானே?"

நல்ல உடம்புக்காரி வீட்டிலேயே இருந்தாள். காய்ச்சல், சளி என்று ஒரு நாள் படுத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி எட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊசிக்காரர் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து திங்கள்தோறும் அவள் ரத்தம் மெஷினுக்குள் போகும். மெஷின் கூடச் சொன்னால் கொஞ்சம் குறைத்து வைப்பார், குறைவாகச் சொன்னால் கொஞ்சம் கூட்டி வைப்பார். அவளுடைய ரத்தமே மாறலாம் என்பது இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. மனைவி மாறுவாள் என்று எந்தப் புருஷன் நினைக்கிறான்?

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே அவள் வந்து நிற்பாள்.

"இன்னிக்கு எவ்ளோங்க?"

"பன்னெண்டு பாயிண்ட் எட்டு."

அதோடு போகமாட்டாள். நிற்பாள். அவரும் சிரித்துக்கொண்டு, "ஊருக்கே நீதான் அளவு" என்பார். அதற்கப்புறம்தான் காபிக்குப் போவாள்.

அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. அவளும் அவளுடைய அக்காவும் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தார்கள். அக்கா தையல் மெஷின் ஓட்டுவாள், இவள் துணி வெட்டுவாள், பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள். அங்கிருந்த பெண்களுக்கு இவள் பேரே எடைக்கல்லு. "எடைக்கல்லு, அந்தக் கத்தரிக்கோலை எடு." "எடைக்கல்லு, சாப்பிட வர்றியா?" யாருக்காவது ரத்தம் குறைவு என்று சீட்டு வந்தால், "என்னை விட எத்தனை கம்மி?" என்று கேட்டுவிட்டு ஆறுதல் சொல்வாள்.

தலைவலி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வருஷத்துக்கு இரண்டு தரம் வரும், ஒரு நாள் படுத்தால் போய்விடும். மூன்றாம் வருஷத்திலிருந்து மாதத்துக்கு இரண்டாயிற்று. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. வலி வருவதற்கு முன்னால் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் வரும். துணியின் ஓரம் பிரியாமலிருக்கப் பல் கத்தரிக்கோலால் வெட்டுவார்களே, அந்த மாதிரி வளைந்து வளைந்து பல் பல்லாக மின்னும். பாதிச் சட்டை தெரியும், பாதி தெரியாது. விரல் மரத்துப்போகும். சில சமயம் வாய் குழறி, நூல் என்று கேட்க நினைத்துக் கதவு என்று கேட்பாள். அரை மணியில் அதெல்லாம் சரியாகிவிடும். பிறகுதான் இடி இறங்கும்.

இதற்கு வீட்டில் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. உள் அறையில் ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்க வேண்டும். ஈரத் துணியை நெற்றியில் போட வேண்டும். யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது. மூன்று மணி நேரம் கழித்து அவளே எழுந்து வருவாள். ஊசிக்காரர் இதில் கைதேர்ந்தவர். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதற்காகக் கீலுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தார். அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது.

வேறு தொந்தரவுகளும் சேர்ந்தன. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கும், சோப்பை மாற்றினார்கள். உள்ளங்கால் எரியும்; வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு காய்கறி நறுக்குவாள். முகம் சிவந்துகொண்டே போயிற்று. கடைப் பெண்கள், "என்னடி பூசுற? எங்களுக்கும் சொல்லேன்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

ஒருநாள் எரிகிற உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா? எனக்கு என்னமோ சரியில்லன்னு தோணுது."

"எதுக்கு? வாராவாரம் உன் ரத்தத்தைப் பாக்குறேன். இந்த ஊர்ல யாருக்கு அந்த யோகம் இருக்கு?"

"ரத்தம் சரியா இருந்தா ஏன் இப்படி வலிக்குது?"

"தலைவலி மனசுல இருக்கு. எதையாவது போட்டு உழப்பிக்கிற."

"எதையும் உழப்பிக்கலைங்க."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷினோடு மல்லுக்கட்ட அவளால் முடியவில்லை. காலைத் திரும்ப வாளிக்குள் வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் ஊருக்கே ரத்தம் வற்றிப்போயிற்று. யார் வந்து கை நீட்டினாலும் பத்து, ஒன்பதரை, ஒன்பது. பக்கத்துத் தெரு டாக்டர், "இந்த ஊர்த் தண்ணியிலயே ஏதோ இருக்கு" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் இரும்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதினார். மாத்திரை தின்று பாதிப் பேருக்கு வயிறு கட்டிக்கொண்டது. அடுத்த ஊரில் வேறு இடத்தில் சோதித்துப் பதின்மூன்று என்று சீட்டு வாங்கி வந்தவர்கள் டானிக்கைக் கும்பிட்டார்கள். ஊசிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. ஊரே சோகை பிடித்துக் கிடக்கும்போது தன் மனைவி மட்டும் அப்படியே இருக்கிறாளே என்று.

ரத்ததான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்ல எனக்கே வாய் கசக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் சீருடைக் கடைக்குப் பக்கத்தில் முகாம் போட்டார்கள். விளையாட்டாகப் போய்ப் படுத்தாள். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீலத் தண்ணீரில் விட்டதும் அது கல் மாதிரி அடிக்குப் போயிற்று. "நல்ல கனமான ரத்தம்மா" என்று பாராட்டி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார்கள். பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவளுக்குத் தலைவலியே வரவில்லை. கால் எரியவில்லை. வெந்நீரில் குளித்துவிட்டு நிம்மதியாகத் தலை துவட்டினாள். ஆனால் அந்தத் திங்கள் மெஷினில் பதினொன்று புள்ளி ஒன்பது வந்தது. முதலாளி குதித்தார். "எடைக்கல்லையே உளியால கொத்துன மாதிரி ஆயிடுச்சேய்யா! இப்ப எதை வச்சு மெஷினைத் திருப்புவ?"

ஊசிக்காரர் வீட்டுக்கு வந்து அவளிடம் குதித்தார். அவள் பயந்துவிட்டாள். பயந்துகொண்டே ஒன்று சொன்னாள்.

"ஆனா எனக்கு ரொம்ப நல்லாருந்துச்சுங்க. தலைக்குள்ள யாரோ ஜன்னலைத் தொறந்து விட்ட மாதிரி. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் ஒரு தடவை கொடுக்கட்டுமா?"

"இனிமே கொடுத்தேன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"தலைவலிக்காகத்தான் கேக்குறேன்."

"ரத்தம் கொடுத்தா தலைவலி போகும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? உன் ரத்தம் உன்னோடது மட்டும் இல்ல. புரியுதா?"

அவள் தலையை ஆட்டினாள். அவள் மறுபடி கேட்டது மூன்று தடவை. மூன்று தடவையும் வேண்டாம் என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மழை வரப்போகிற புழுக்கம். காலை ஆறேகால். அவள் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தாள். ஊசிக்குள் ரத்தம் ஏறவே மாட்டேன் என்றது. வந்ததும் கருஞ்சிவப்பாக, சோம்பலாக வந்தது. அவர் குழாயை ஆட்டிக் கலக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கரண்டியை வைத்திருந்த வலது கை மடியில் விழுந்து கிடந்தது.

"ஏய், பால்!"

"கதவு" என்றாள் அவள். "கதவு... கதவு."

"வெளிச்சம் வந்துடுச்சா?"

அவள் தலையை ஆட்டினாளா, தலை தானாக ஆடியதா தெரியவில்லை. அவர் அடுப்பை அணைத்தார். அவளைத் தாங்கிக் கூட்டிப்போனார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஜன்னலைச் சாத்தினார், போர்வையைத் தொங்கவிட்டார், ஈரத் துணியைப் போட்டார். அவள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இது வழக்கத்தில் இல்லாத ஒன்று. "பேசாம படு. மூணு மணி நேரத்துல சரியாயிடும்" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். எண்ணெய் விட்ட கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

சைக்கிள் கடை மாடிப்படியில் வெறும் வயிற்றோடு பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவளுடைய குழாயை மெஷினில் ஓட்டினார். பதின்மூன்று புள்ளி ஒன்று என்றது. மனசில் ஏதோ இடறியது. சட்டையைப் பிடித்த அந்தக் கை. வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைத்தார். வழக்கம்போல மெஷினைக் கொஞ்சம் குறைத்து வைத்துத் திரும்ப ஓட்டினார். பன்னிரண்டு புள்ளி எட்டு. அந்த நம்பரைப் பார்த்ததும் அவருக்கு மனசு சமாதானமாயிற்று. ஒன்றுமில்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது. "அடுத்தது யாரு, உள்ள வாங்க" என்றார்.

பத்து மணிக்கு அக்காக்காரி வேலைக்கு வராத தங்கையைத் தேடி வந்தாள். உள் அறையைத் திறந்தவள் கொஞ்ச நேரம் இருட்டில் நின்றாள். தலைவலி என்றால் அவளும் முறை தெரிந்தவள்தான், கூப்பிடக்கூடாது. ஆனால் வாடை அடித்தது. போர்வையை இழுத்தாள். தங்கையின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, படுக்கை நனைந்து, கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். ஒரு பெண் டாக்டர் வந்தார், இளவயது, தூக்கமில்லாத கண்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"ஆறேகாலுக்கு" என்றார் ஊசிக்காரர்.

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம். ஏன் இவ்வளவு லேட்டு?"

டாக்டர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"இவங்களுக்கு ஹீமோகுளோபின் பதினெட்டு பாயிண்ட் ஒம்பது. ரத்தம் கூழ் மாதிரி இருக்கு. இது ஒரு நாள்ல வர்றதில்ல. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துக்கு நிறுத்தத் தெரியாமப் போயிடுச்சு. இதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணவே இல்லையா?"

"வாராவாரம் பண்றோம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் லேப்லதான் இருக்கேன் மேடம். இன்னிக்குக் காலையிலகூட ஓட்டினேன். பன்னெண்டு பாயிண்ட் எட்டு. உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. சரி பாக்கச் சொல்லுங்க."

"எங்க மெஷினைத் தினமும் கம்பெனி ரத்தம் வச்சு சரி பாக்குறோம். நீங்க எதை வச்சுப் பாக்குறீங்க?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அடியில் போய் முட்டுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இவளை வச்சுதான்" என்றார்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று ஊசிக்காரர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"தலைவலி உண்டா? அதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் ஏதாவது?"

"உண்டு" என்று அக்காக்காரி முந்திக்கொண்டாள். "பல்லுப் பல்லா மின்னும்னு சொல்லுவா."

"அந்த மாதிரி தலைவலிக்காரங்களுக்குப் பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ரத்தமும் இப்படிக் கெட்டியா இருந்தா ஆபத்து எங்கயோ போயிடும். இந்தக் கெட்டியாலயே தலைவலியும் அதிகமாகும்."

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"மாத்திரை இருக்கு. ஆனா முதல் வைத்தியம் ரொம்பச் சாதாரணம். ரத்ததானம் பண்ற மாதிரி ஒரு பை ரத்தத்தை எடுத்து விடணும். அப்பப்ப எடுத்துக்கிட்டே இருந்தா தலைவலியும் குறையும், இந்த ஆபத்தும் குறையும்."

அக்காக்காரி மெதுவாகத் திரும்பி ஊசிக்காரரைப் பார்த்தாள்.

"அவ கேட்டாளே தம்பி. கொடுக்கட்டுமான்னு உங்ககிட்ட கெஞ்சினாளே. நீங்கதானே அளவு கெட்டுப்போயிடும்னு சொன்னீங்க?"

டாக்டர் எழுந்து போனார். மழை பிடித்துக்கொண்டது. அக்காக்காரி அழவில்லை. தங்கையின் மரத்துப்போன கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காஜா எடுத்து எடுத்துத் தடித்துப்போன அந்த விரல் நுனிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஊசிக்காரர் முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருஷமாக மெஷின் அவளோடு சேர்ந்து தடம் மாறியிருக்கிறது, ஊரில் யாருக்கும் ரத்தம் குறையவில்லை, எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். முதலாளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை உச்சுக் கொட்டினார்.

"கஷ்டமா இருக்குய்யா. நல்ல பொம்பளை." அப்புறம் கண்ணைத் திறந்தார். "நேத்து எடுத்த குழாய் எங்க?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"பெரிய ஆஸ்பத்திரி நம்பர் பதினெட்டு பாயிண்ட் ஒம்பதுன்னுதானே சொன்ன? அப்ப அதையே ஓட்டு. பதினெட்டு பாயிண்ட் ஒம்பது வர்ற வரைக்கும் மெஷினை ஏத்து. சரியாயிடும்ல?"

"சரியாயிடும். ஆனா ஜனங்ககிட்ட..."

"என்ன சொல்லப் போற? உங்க ரத்தத்தை எல்லாம் என் பொண்டாட்டி ரத்தத்தோட ஒப்பிட்டுத் தப்பாச் சொல்லிட்டேன்னா? முதல் அடி உனக்குத்தான் விழும். டானிக் குடிச்சு யாராவது செத்தாங்களா? போய்யா, வேலையைப் பாரு."

ஊசிக்காரர் வேலையைப் பார்த்தார். அவருடைய கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஊருக்கு ரத்தம் ஊறிவிட்டது. பள்ளிக்கூட வாட்ச்மேன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போன மாசம் ஒம்பது, இப்ப பதிமூணரை! டானிக் என்னமா வேலை செஞ்சிருக்கு பாருங்க. உங்க கைராசி சார்." ஊசிக்காரர் பஞ்சை எடுத்து அவர் முழங்கையில் அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பை ரத்தம் எடுத்தார்கள், அடுத்த வாரம் இன்னொன்று. மூன்று மாதத்தில் அளவு நன்றாக இறங்கியது. தலைவலி ஓடியே போயிற்று. முகத்தில் பழைய நிறம் வந்தது. வலது கையும் காலும் திரும்பவில்லை. பேச்சும் வரவில்லை. எல்லாச் சொல்லும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. தண்ணீர் வேண்டும் என்றால் அதைச் சொல்வாள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் அதைத்தான். அக்கா கஞ்சி ஊட்டும்போது சூடு பட்டுவிட்டால் அதைச் சொல்லி அழுவாள். கடைப் பெண்கள் பார்க்க வந்து, "எடைக்கல்லு, எங்களைத் தெரியுதா?" என்று கேட்டபோது முகமெல்லாம் மலர்ந்து அதையே சொன்னாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

மூளை ஒரு பக்கம் அழிந்தால் சில பேருக்கு, வாயிலும் காதிலும் அடிக்கடி புழங்கிய ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். கடவுள் பேர் தங்கும், பிள்ளை பேர் தங்கும், சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்கும் என்றார்.

முதலாளி மட்டும் ஒருநாள் உற்சாகமாக இருந்தார். "ரத்தம் எடுக்கப் போறப்பல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில புது நம்பர் எழுதித் தர்றாங்கல்ல? அன்னிக்கே நீயும் ரெண்டு மில்லி எடுத்துக்கோ. ஆஸ்பத்திரி போகாத வாரத்துல எடுத்தாலும் போன நம்பரோட ஒத்துப் பாத்துக்கலாம். கம்பெனிக் குப்பியே பிச்சை வாங்கணும்யா!"

"அவகிட்ட இன்னும் எடுக்கணுமா?"

"எடுத்தா அவங்களுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லலையா?"

ஊசிக்காரர் திங்கட்கிழமை காலையில் பல் துலக்கிவிட்டு ரப்பர் பட்டையை எடுத்தார். அவள் சுவரோரம் முக்காலியில் சாய்ந்திருந்தாள். பட்டையைப் பார்த்ததும் இடது கையைத் தானாகவே நீட்டினாள். அவளிடம் மிச்சமிருந்த ஒரே கை அது. அக்காக்காரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் நல்ல சிவப்பாக, சுறுசுறுப்பாகக் குழாயில் ஏறியது.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கேட்டாள். குரலைக் கடைசியில் தூக்கி, கேள்வியாகவே கேட்டாள்.

"பன்னெண்டு பாயிண்ட் எட்டு?"

அவர் அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். இந்த ஒரு முறையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பதினாலு பாயிண்ட் ரெண்டு" என்றார்.

அவள் முகம் கலவரமாயிற்று. தலையை வேகமாக ஆட்டினாள். இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பன்னெண்டு பாயிண்ட் எட்டு! பன்னெண்டு பாயிண்ட் எட்டு!" வாயோரம் எச்சில் வழிந்தது.

"இல்லம்மா. அது தப்பு. நான்தான் தப்பு..."

"பன்னெண்டு பாயிண்ட் எட்டு!"

"ஏன் தம்பி அவளை இன்னும் வதைக்கிறீங்க?" என்றாள் அக்காக்காரி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல். "அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே. சொல்லிடுங்க."

ஊசிக்காரர் அவள் வாயோரத்து எச்சிலைத் துடைத்தார்.

"ஆமா" என்றார். "பன்னெண்டு பாயிண்ட் எட்டு."

அவள் அடங்கினாள். ஆனால் சட்டையை விடவில்லை. பாதி வாய் சிரிக்கத் தயாராக, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்கு என்று அவருக்குத் தெரியும். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவளோ கையைத் தளர்த்தவே இல்லை.

"ஊருக்கே நீதான் அளவு" என்றார்.

அவள் சட்டையை விட்டாள்.